ஒரு மிடறு பவுசர் தண்ணீர்

பஹ்மி மீன் பெட்டிக்குள் சேற்றுப் போத்தலை வைத்த நாளிலிருந்துதான் சிவரூபனுக்கு நித்திரை கெட்டது.

சேறு என்றதும் வயலை நினைத்துவிடாதீர்கள். இது நடுக்கடலில் நின்று கடலடியைத் துளைக்கிற எண்ணெய்க் கப்பலுக்குப் போகிற சேறு. துறைமுகத்துக்கும் சீனன்குடாவுக்கும் இடையில், கரையோரமாகக் கொம்பனியின் யாட், அதாவது வேலை வளவு, இருக்கிறது. அங்கே பெரிய தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, ஜெல் என்று எல்லோரும் சொல்கிற களிமண் மாவைக் கொட்டி ஊறவிடுவார்கள். அது வீங்கிக் கூழானதும் பாரத்துக்காக பரைட் என்ற கல்மாவைப் போட்டுக் கலக்கி, சரக்குப் படகில் ஏற்றி அனுப்புவார்கள். துளைக்குள் இறங்குகிற அந்தச் சேறுதான் வெட்டுப்பட்ட கல்லையும் மண்ணையும் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். கீழேயிருந்து வாயு கிளம்பினால் தன் பாரத்தாலேயே அமத்திப் பிடிக்க வேண்டும். சேறு நீர்த்துப்போனால் இரண்டும் நடக்காது, கப்பலில் இருப்பவர்களின் பாடு கடவுள் விட்ட வழி.

சிவரூபனும் பஹ்மியும் அந்தச் சேற்றைப் பரிசோதிக்கிறவர்கள். மூன்று வருடத்துக்கு முதல் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் என்றுகூடச் சொல்லலாம், ஒரே பேனையால் கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்தவர்கள். சிவரூபன் அன்புவழிபுரத்து ஆள், பஹ்மி கிண்ணியா. மத்தியானச் சோற்றுப் பார்சலில் ஒருவன் மீனை மற்றவன் எடுப்பான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் யாட்டின் பொறுப்பாளர் குலசிங்கம் கூட்டம் வைத்து, ஆழ்கடலின் அடித்தண்ணீர் ஐஸ் மாதிரிக் குளிர் என்றும், அந்தக் குளிருக்குள் நின்றால் சேறு இறுகிவிடும் என்றும், நம் சேறு எவ்வளவு இறுகும் என்று தெரிந்தால் நல்லது என்றும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். சிவரூபன் தலையாட்டியதோடு கொப்பியிலும் எழுதிக்கொண்டான். பஹ்மி எழுதவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் கிண்ணியாவில் ஒரு மீன்காரரைக் கெஞ்சி, பாரை மீனுக்கு நடுவில் ஐஸ் பெட்டியில் சேற்றுப் போத்தலை வைத்து, காலையில் எடுத்து வந்து அளந்து காட்டினான். போத்தல் மீன் மணத்தது. குலசிங்கம் மேசையை இரண்டு தரம் சுற்றி வந்தார்.

"இதுதான் மூளை எண்டுறது," என்றார், எல்லோருக்கும் கேட்க.

சிவரூபனின் வீட்டில் இரண்டு கதவு பிரிட்ஜ் இருந்தது. அதுதான் அவனைக் கொன்றது. மேல் கதவைத் திறந்தால் ஐஸ் கட்டிகட்டியாய் இருக்கும், அதற்குள் ஒரு போத்தலை வைக்க அவனுக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து பஹ்மியின் எதைப் பார்த்தாலும் அவனுக்கு எரிந்தது. பஹ்மியின் கையெழுத்து வடிவாக இருந்தது. பஹ்மியின் மோட்டார் சைக்கிள் ஒரே உதையில் கிளம்பியது. பஹ்மி சிரித்தால் பக்கத்தில் நிற்பவர்களும் சிரித்தார்கள், பகிடி என்னவென்று தெரியாமலே.

"உங்களுக்கு அவரில பொறாமை," என்றாள் மனைவி தயாளினி, தேங்காய் துருவியபடி.

"எனக்கோ? அவனிலயோ? என்னத்துக்கு?"

"பிரிட்ஜை ஒருநாளைக்குப் பத்துத் தரம் திறந்து பாக்கிறீங்களே, அதுக்குத்தான்."

இந்த நிலையில்தான் கப்பலில் ஓரிடம் காலியானது. கப்பலில் சேற்றுக்குப் பொறுப்பான எஞ்சினியருக்கு உதவியாகக் கரையிலிருந்து ஒரேயொரு ஆள் வேண்டுமாம். சீனன்குடாவிலிருந்து ஹெலிகொப்டரில் கூட்டிப் போவார்கள். அந்த ஹெலிகொப்டர் அன்புவழிபுரத்துக் கூரைகளுக்கு மேலால்தான் போகும். முற்றத்தில் நின்று அதை அண்ணாந்து பார்க்கிற ஒவ்வொரு தரமும் அதற்குள் தான் இருப்பதாகச் சிவரூபன் நினைத்துக்கொள்வான். நினைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சலூன்காரர், மச்சினன், முன்வீட்டு ரீச்சர், எல்லோரிடமும் "அநேகமா நான்தான் போவன்" என்று சொல்லிவைத்திருந்தான்.

குலசிங்கம் இருவரையும் கூப்பிட்டு விசயத்தை உடைத்துச் சொன்னார்.

"அடுத்த லோட்டை பஹ்மி கலக்கட்டும். பிழையில்லாமல் போச்செண்டால் அவன்தான் கப்பலுக்கு. பிழைச்சால் சிவரூபன், நீ."

பிழைத்தால்தான் நீ! மூன்று வருடம் கையெழுத்து வைத்து உழைத்தவனுக்கு, இன்னொருத்தன் விழுந்தால்தான் இடமாம். சிவரூபன் "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வழியில் கிடந்த வெற்று மூட்டையை உதைத்தான்.

இனித் தண்ணீரின் கதை. ஜெல் மாவுக்குத் தண்ணீரில் பெரிய எடுப்பு. நல்ல தண்ணீர் என்றால் வீங்கிக் கூழாகும். உவர் கலந்திருந்தால் வீங்காது, அடியில் மண்ணாகக் கிடக்கும். உவரைக் கண்டுபிடிக்க ஒரு சோதனைத் திரவம் உண்டு, நாலு சொட்டு விட்டால் நிறம் காட்டிவிடும். அது முடிந்து ஒரு மாதம். புதியது கொழும்பில் சுங்கத்தில் கிடந்தது. அதுவரைக்கும் யாட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பவுசர் லொறி தண்ணீர் கொண்டுவந்ததும் ஒரு கேத்தல் கொதிக்கவைத்து, பால் விடாமல் தேத்தண்ணீர் போட்டுக் குடிப்பது. நல்ல தண்ணீர் என்றால் தேத்தண்ணீர் சிவந்து தெளிவாக இருக்கும். உவர் என்றால் கறுத்து, மேலே ஆடை படர்ந்து, விழுங்கும்போது தொண்டையைப் பிடிக்கும். இது யாருடைய யோசனை என்று யாருக்கும் ஞாபகமில்லை. தன்னுடையது என்று சிவரூபன் சாதிப்பான்.

நோன்பு தொடங்கியதும் பஹ்மிக்குத் தேத்தண்ணீர் குடிக்க ஏலாமல் போய்விட்டது. பம்ப் இயக்குகிற ஸைனுலாப்தீன் நானா, "நாக்கில வச்சுப் பாத்துட்டுத் துப்பலாம் தம்பி, குற்றமில்ல," என்றார். பஹ்மி கேட்கவில்லை. இந்த உவர் நாக்கில் தெரியாது, தொண்டைக்குள் இறங்கினால்தான் தெரியும். ஆகவே சிவரூபன் குடிப்பான். பஹ்மி உலர்ந்த உதட்டோடு பக்கத்தில் வந்து நிற்பான். "எப்பிடி மச்சான்?" என்பான். சிவரூபன் "சரி" என்றால், தாளில் 'தண்ணீர் பரிசோதித்தவர்' என்ற இடத்தில் அன்றைக்குக் கலக்குகிறவன் தன் பெயரைப் போடுவான். பதினொரு நாள் இப்படித்தான் நடந்தது. அந்தப் பதினொரு நாளும் சிவரூபன் உண்மையைத்தான் சொன்னான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டாம் நாள்தான் பஹ்மியின் லோட். பவுசர் வழக்கத்தைவிட வேளைக்கே வந்துவிட்டது. அதன் சில்லுகளில் வெள்ளை மணல் அப்பியிருந்தது. கந்தளாய்ப் பக்கக் குழாயில் நிரப்பி வருகிற பவுசரில் கடற்கரை மணலுக்கு என்ன வேலை? டிரைவர் தூரத்தை மிச்சம்பிடித்து, உப்புவெளிப் பக்கம் ஏதோ கிணற்றில் நிரப்பியிருக்கிறான். அது சிவரூபனுக்கு மணலைக் கண்டபோதே விளங்கியது. கேத்தலை வைத்தான். தேத்தண்ணீர் கறுத்துப்போய், மேலே மெல்லிய ஆடையோடு இருந்தது. ஒரு மிடறு விழுங்கினான். தொண்டை பிடித்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற உவர்.

பஹ்மி வந்தான்.

"எப்பிடி மச்சான்?"

சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? "உவர்" என்று ஒரு சொல். பவுசரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், வேறு தண்ணீர் வந்திருக்கும், பஹ்மி கலக்கியிருப்பான், பஹ்மி கப்பலுக்குப் போயிருப்பான். அன்புவழிபுரத்துக் கூரைக்கு மேலால் போயிருப்பான். சிவரூபனின் கண்ணுக்குள் அந்த மீன் பெட்டி வந்தது.

"சரி," என்றான்.

"வடிவாப் பாத்தியா?"

"பாத்தனான் எண்டுறன்!"

பஹ்மி கையெழுத்துப் போட்டான், அந்த வடிவான கையெழுத்தில்.

மூட்டைகளை வெட்டிக் கொட்டினார்கள். மத்தியானம் பஹ்மி ஒரு கோப்பை அள்ளிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"மச்சான், மெல்லிசா இருக்கே. தண்ணியில ஏதும் பிழையோ?"

இரண்டாவது சந்தர்ப்பம். கடவுள் இப்படித் திருப்பித் திருப்பிக் கேட்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

"தண்ணியில ஒண்டுமில்லை. ஜெல் பழைய சரக்கு. இன்னும் பத்து மூட்டை போடு, வந்திடும்."

பஹ்மி நம்பினான். படகு நாலு மணிக்குப் புறப்பட வேண்டும். இன்னும் பத்து மூட்டை ஜெல் போட்டான், அதற்கு மேல் பரைட்டும் போட்டான். சிவரூபன் தூர நின்று பார்த்தான். வயிற்றுக்குள் இனிப்பு மாதிரி ஏதோ ஒன்று கரைந்துகொண்டிருந்தது. மூட்டைத் தூசியைத் தட்டுகிற சாட்டில் அங்கேயே நின்றான்.

மூன்று மணிக்குப் புனலில் ஊற்றி நேரம் பார்த்தார்கள். நல்ல சேறு வடிய ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். இது அரை நிமிடத்தில் தண்ணீராக ஓடிவிட்டது. தாங்கிப் பிடிக்கக் கூழ் இல்லாததால் பரைட் முழுவதும் தொட்டியின் அடியில் போய் அமர்ந்து, கலக்குகிற இயந்திரத்தின் இலைகளைச் சுற்றிச் சீமெந்து போல இறுகிவிட்டது. மோட்டார் உறுமியது, கருகல் மணம் வந்தது, நின்றுவிட்டது. படகு ஜெட்டியில் வெறுமையாக ஆடிக்கொண்டு நின்றது.

குலசிங்கம் ஓடிவந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"தண்ணியை ஆர் பாத்தது?"

இப்போது பஹ்மி விரலை நீட்டுவான். நீட்டினால் என்ன சொல்வதென்று சிவரூபன் காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தான். தடிமன் பிடித்து மூக்கடைப்பு, நாக்கில் ருசியில்லை.

"நான்தான் சேர்," என்றான் பஹ்மி.

"எப்பிடிப் பாத்தாய்? திரவம்தான் இல்லையே."

"தேத்தண்ணி போட்டுக் குடிச்சுப் பாத்தனான்."

குலசிங்கத்துக்கு அது வெறும் விடை. அவர் திட்டத் தொடங்கினார். ஆனால் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஸைனுலாப்தீன் நானாவின் சாவி அப்படியே நின்றது. அவரோடு நின்ற இரண்டு கிண்ணியாக்காரரும் பஹ்மியைத் திரும்பிப் பார்த்தார்கள். நோன்பு நாளில், பட்டப்பகலில், தேத்தண்ணீர் குடித்தேன் என்கிறான் ஒருத்தன். பஹ்மி யாரையும் பார்க்கவில்லை. பெயர் போட்டவன் நான், பதிலும் நான்தான் சொல்ல வேண்டும் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

திட்டி முடித்துவிட்டுக் குலசிங்கம் திரும்பினார். "சிவரூபன், உன்ர மெடிக்கல் பேப்பர், பாஸ்போட் எல்லாம் நாளைக்குக் கொண்டு வா. நீதான் போகோணும்."

கிடைத்துவிட்டது. ஹெலிகொப்டர் கிடைத்துவிட்டது. சிவரூபன் அந்தச் சந்தோசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். அது பரிசோதனை அறைக் கதவு வரைக்கும்கூட அவனோடு வரவில்லை.

நோன்பு திறக்கிற நேரம் ஆனது. களஞ்சியக் கொட்டகையில் கிண்ணியாக்காரர் பாய் விரித்துக் கஞ்சியோடு இருந்தார்கள். பஹ்மி வழக்கம் போல ஸைனுலாப்தீன் நானாவுக்குப் பக்கத்தில் போய் நின்றான். நானா கஞ்சிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பகலிலயே குடிச்ச ஆளுக்கு இப்ப என்ன அவசரம்?"

பஹ்மி பையைத் தூக்கிக்கொண்டு வந்து பரிசோதனை அறை வாசலில் அமர்ந்தான். சிவரூபன் உள்ளே கதிரையில் இருந்தான். பஹ்மி பிளாஸ்கைத் திறந்து, மனைவி ஹுஸ்னியா ஊற்றிவிட்ட கஞ்சியை இரண்டு கோப்பையில் வார்த்து, ஒன்றைச் சிவரூபனின் பக்கம் தள்ளினான். பதினொரு நாளும் அவனுக்கென்று ஒரு கோப்பை வார்த்ததுதான். அறை மூலையில் இருந்த வாளியிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டான். காலையில் பவுசரிலிருந்து பிடித்து வைத்த தண்ணீர்.

தூரத்தில் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. பஹ்மி பேரீச்சம்பழம் ஒன்றைக் கடித்து, தண்ணீரில் ஒரு மிடறு விழுங்கினான்.

நிறுத்தினான். கை தொண்டைக்குப் போனது. கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு சிவரூபனைப் பார்த்தான். வாயில் பழத்தின் இனிப்பு இருக்கும்போதே பிடிக்கிற உவர், வெறும் தேத்தண்ணீரில் எவ்வளவு பிடித்திருக்கும்! தடிமனும் இல்லை, நாக்கு மரத்ததும் இல்லை என்பது அந்தப் பார்வையில் எழுத்துக்கு எழுத்து இருந்தது.

பஹ்மி மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தான்.

"சரியாத்தான் இருக்கு மச்சான்," என்றான். "கஞ்சியைக் குடி, ஆறப்போகுது."

அடித்திருந்தால் சிவரூபன் தாங்கியிருப்பான். தூசணத்தால் ஏசியிருந்தால் நிம்மதியாகப் போய்ப் பாஸ்போட்டைத் தேடியிருப்பான். இது என்ன அநியாயம்? மூளையும் இவனுக்கு, கையெழுத்தும் இவனுக்கு, இப்போது இந்தப் பெரிய மனதும் இவனுக்கேவா? நான் ஹெலிகொப்டரில் எவ்வளவு உயரத்தில் போனாலும் இவன் அதற்கு மேலே அமர்ந்திருப்பானே! குடிக்கிற ஒவ்வொரு தேத்தண்ணீரிலும் இவன் வந்து "சரியாத்தான் இருக்கு" என்பானே! சிவரூபனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திருந்தியதால் எழும்பினான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறாமையில்தான் எழும்பினான். அந்தப் பெரிய மனதையும் அவனிடம் விட்டுவைக்கக்கூடாது என்றுதான் எழும்பினான்.

நேரே கொட்டகைக்குப் போனான்.

"நானா, பஹ்மி குடிக்கேல்லை. குடிச்சது நான். உவர் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் சரியெண்டனான். அவன்ர நோன்பில ஒரு பிழையுமில்லை."

ஸைனுலாப்தீன் நானா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏன் தம்பி அப்பிடிச் செய்த நீங்க?"

"மீன் பெட்டி," என்றான் சிவரூபன்.

அங்கே இருந்த ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவன் விளக்கவுமில்லை. வாகனத்தில் ஏறப்போன குலசிங்கத்தை மறித்து அவரிடமும் சொன்னான். திரும்பி வந்தபோது பஹ்மி கொட்டகைக்குள் இருந்தான். ஸைனுலாப்தீன் நானா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சிவரூபனின் கோப்பையில் கஞ்சி ஆறிப்போயிருந்தது.

குலசிங்கம் அடுத்த நாள் இருவரையும் நிறுத்தி வைத்து ஏசினார். தன் தொண்டையில் இறங்காத தண்ணீருக்குக் கையெழுத்துப் போட்டதற்காகப் பஹ்மிக்கு நல்ல பேச்சு விழுந்தது. சிவரூபனுக்குப் பேச்சு மட்டுமில்லை. தொட்டிக்குள் இறங்கி, இறுகிக் கிடந்த பரைட்டை மண்வெட்டியால் வெட்டி வெளியேற்ற அவனுக்கு இரண்டு நாள் எடுத்தது. அதற்குப் பிறகு பரிசோதனை அறைக்குள் அவனை விடவில்லை, மூட்டை வெட்டப் போட்டார்கள். அவனுடைய மேசையில் நிரோஜினி என்று ஒரு புதுப் பிள்ளை வந்து அமர்ந்தாள். அடுத்த கிழமை பஹ்மி ஹெலிகொப்டரில் போனான். சிவரூபன் தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசியோடு நின்று அண்ணாந்து பார்த்தான். பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றான். சலூனையும் மாற்றிவிட்டான்.

பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் அவசரமாக ஒரு லோட் கேட்டுக் கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பஹ்மி. குலசிங்கம் கலக்குகிற இடத்திலேயே நின்று தொலைபேசியைச் சத்தமாக வைத்திருந்தார். சிவரூபன் பத்தடி தள்ளி மூட்டை வெட்டிக்கொண்டிருந்தான்.

"தண்ணி பாத்தாச்சு," என்றார் குலசிங்கம். "திரவம் வந்திட்டுது. நிரோஜினி சொட்டு விட்டுப் பாத்தவ. பிழையில்லை."

"நல்லது சேர். சிவரூபன் குடிச்சுப் பாத்தவனா?"

குலசிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனையோ? பொய் சொன்னவனையோ கேக்கிறாய்?"

"பொய் சொன்னதாலதான் சேர் கேக்கிறன். அண்டைக்கு முழு யாட்டிலயும் உவர் எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான். தெரியாமல் சரியெண்டு சொல்லுற ஆக்களுக்குத்தான் இஞ்ச நாங்க பயப்பிடுறம். துளையில வாயு இருக்கு, இந்த லோட் பிழைக்க ஏலாது. அவன் குடிக்கட்டும்."

மூட்டை வெட்டுகிற கத்தி சிவரூபனின் கையில் அப்படியே நின்றது. குலசிங்கம் அவனைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டிக் கூப்பிட்டார். நிரோஜினி கேத்தலை வைத்தாள். தேத்தண்ணீர் சிவந்து தெளிவாக இருந்தது. சிவரூபன் தூசிக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு ஒரு மிடறு விழுங்கினான், பொறுத்து இன்னொரு மிடறு.

"சரி," என்றான்.

"சரியாம்," என்றார் குலசிங்கம்.

மறுமுனையில் கடல் இரைச்சலுக்கு மேலால் பஹ்மியின் குரல் வந்தது.

"வடிவாப் பாத்தானோ எண்டு கேளுங்க சேர்."

சிவரூபன் கோப்பையைக் கவிழ்த்துக் கடைசித் துளி வரைக்கும் குடித்தான். "பாத்தனான் எண்டுறன்!" என்று தொலைபேசியைப் பார்த்துக் கத்தினான். கண் கலங்கியது. சூட்டில் என்று நிரோஜினி நினைத்திருக்கக்கூடும்.

லோட் அன்றே ஏறியது. சிவரூபன் குழாயடியில் நின்று கோப்பையைக் கழுவினான். பொய் சொன்னவனுக்குத்தான் உவர் தெரிந்திருந்தது என்று பஹ்மி சொன்னது காதுக்குள் நின்றது. எவ்வளவு சுலபமான கதை! குற்றத்தை ஒப்புக்கொண்ட அன்றே, உவரைக் கண்டுபிடித்தவனும் நான்தான் என்று குலசிங்கத்திடம் தானே சொல்லியிருக்கலாமே. இதுவும் பஹ்மிக்கே முதலில் தோன்றிவிட்டதே என்று சிவரூபனுக்கு வயிறு எரிந்தது.